கிட்டங்கித் தெருவில் குடியேறிய சொற்கள்

சிவகாசியில் பழைய கிட்டங்கித் தெருவில், ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, எட்டு வயது அபிதாவின் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சொற்களும் அவளுடைய டேப்லெட்டை விட்டு வெளியேறின. பத்து மணிக்குள் அவை அக்கம்பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு இடம் பார்த்துக் குடியேறியும்விட்டன.

அபிதாவுக்குக் காது கேட்கும், கண் தெரியும், கூப்பிட்டால் ஓடி வருவாள், ஆனால் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வரும். அவளுக்கு நாலு வயதானபோது சிறப்புப் பள்ளியில் ஒரு செயலியைக் காட்டினார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம், படத்தைத் தொட்டால் அதற்கான சொல் சத்தமாகக் கேட்கும். படத்தையும் குரலையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அபிதாவின் அம்மா மாரீஸ்வரி காலண்டர் அச்சாபீஸ்களுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுப்பவள். நல்ல நேரத்தையும் ராகு காலத்தையும் கரிநாளையும் அடுக்கி முடித்த கையோடு, மிக்ஸி ஓடாத, பக்கத்து வீட்டு டிவி அலறாத இடைவெளி பார்த்து, டேப்பை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தண்ணி என்பாள், சோறு என்பாள், பூனை என்பாள், பிடிக்கல என்பாள். இப்படி நாலு வருஷம், வாரத்துக்கு ஐந்து சொல்லாவது. ஆகவே மகள் பேசியதெல்லாம் தாயின் குரலில்தான். பசிக்குது என்று தன் குரலே தன் முந்தானையைப் பிடித்து இழுக்க, மாரீஸ்வரி சட்டியை அடுப்பிலேற்றுவாள்.

அந்தப் புதன்கிழமை அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது டேப்பில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து நின்றது. ஆங்கிலத்தில் ஆறு வரி, அடியில் இரண்டு பொத்தான். விரலெல்லாம் எண்ணெய். அவள் படிக்கவில்லை, சுண்டுவிரலால் வலப்பக்கத்துப் பொத்தானைத் தொட்டுவிட்டுத் தோசையைத் திருப்பினாள். செயலி ஒருமுறை மூடித் திறந்தது. கட்டங்களெல்லாம் வெள்ளையாக இருந்தன.

அபிதா மூன்றாவது வரிசையின் முதல் கட்டத்தைத் தொட்டாள். அங்கேதான் தண்ணி இருந்தது. நாலு தடவை தொட்டாள். டேப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், காதோடு வைத்துக் குலுக்கினாள், பிறகு அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சரிசெய்து தருவாள் என்று சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். அழுதிருந்தால்கூட மாரீஸ்வரி தாங்கியிருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

முதல் சொல்லைக் கண்டது டீக்கடை சுடலைமுத்து. பாய்லர் மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து மாரீஸ்வரியின் குரல் பால் என்றது. அவர் மூடியை வைத்தார், மறுபடி தூக்கினார், மறுபடி பால் என்றது. "மாரி சத்தம்லா இது," என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு டீயை ஆற்றிக் கொடுத்தார். டெய்லர் அந்தோணியம்மாளின் மிஷின் மிதிக்கு மிதி இன்னும், இன்னும் என்றது. பலசரக்குக் கடைத் தராசு எதை வைத்தாலும் வேணாம் என்றதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். தெருக்குழாய் திறந்தவுடனே போதும் என்றது. ஆறாவது குடம் வைத்திருந்தவள் வெட்கப்பட்டு நகர்ந்தாள். லோடு ஆட்டோவுக்குள் போலாம் என்ற சொல் ஏறிக்கொண்டது. அப்பா என்ற சொல் எங்கே போய் விழுந்தது என்றால் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் உச்சியில், யாரும் தொட முடியாத இடத்தில். அபிதாவின் அப்பா தங்கப்பாண்டி ஆஃப்செட் மிஷின் ஓட்டுபவன்; அன்றிலிருந்து ஷிப்டுக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி, கம்பி வேலிக்கு வெளியே ஒரு நிமிஷம் அண்ணாந்து நின்று, அது ரீங்காரத்துக்கு நடுவே தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

தெருவில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. சொல் இருக்கிற பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா, அம்மியில் இருக்கிறதே, மசாலா அரைத்தால் அதற்கு வலிக்குமா, வீடு மாறினால் சொல்லை விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்று கேட்டார்கள். மாரீஸ்வரி வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் டேப்பைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள், கழற்றினாள், அணைத்தாள், போட்டாள். வெள்ளைக் கட்டங்கள்தான் வந்தன. மறுநாளும் மாட்டினாள். "உள்ளதான் எங்கனயாவது ஒளிஞ்சிருக்கும். எங்க போயிரும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதற்கு மறுநாளும் மாட்டினாள். தெருவெல்லாம் தன் குரல் கேட்க, வீட்டுக்குள் தன் மகள் சத்தமில்லாமல் தன் கையையே கடித்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். அபிதா தட்டைத் தள்ளினாள். இட்லியைத் தள்ளினாள், சோற்றைத் தள்ளினாள், பாலைத் தள்ளினாள். இதுதான் வேண்டும் என்று சொல்ல முடியாதவளுக்கு எதுவுமே வேண்டியதாக இல்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. பிள்ளை தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு சுருண்டாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அருகில் போனாலே அவள் உதைத்தாள்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா."

"அவளால சொல்ல முடியாது சார்."

"போன மாசம் அந்தப் பெட்டியத் தட்டிச் சொன்னாளே?"

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். அவளுக்கும் காற்றுதான் வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, தீப்பெட்டி அட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் இரும்புக் கதவைக் காவலாளி இழுத்துச் சாத்தினார். கதவு வலிக்குது என்றது. அபிதா தோளிலிருந்து நிமிர்ந்தாள். இறங்கினாள். நெருப்பாய்க் கொதிக்கும் உடம்போடு நடந்து போய், அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்து சாத்தினாள். வலிக்குது. திறந்து சாத்தினாள். வலிக்குது. வலிக்குது. தெரு நின்றுவிட்டது. பிறகு அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஜன்னல் கொக்கி மழை என்றது, அவள் தள்ளிவிட்டாள்; சைக்கிள் மணி அக்கா என்றது, தள்ளிவிட்டாள்; அண்டா, உரல், குடை, செருப்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் தொட்டுத் தள்ளி, கடைசியில் தெருக்காரர் பிச்சைமணியின் வெள்ளாட்டை அடைந்து அதன் கழுத்தில் கை வைத்தாள்.

காது, என்றது ஆடு.

மாரீஸ்வரி அதே ஓட்டமாக டாக்டரிடம் திரும்பினாள். இடது காதின் உள்ளே சீழ் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூளைப் பக்கம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை, அவள் நர்ஸின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு, எதிர்வீட்டைத் தவிர, தெருவில் யாரும் பகலில் கதவைச் சாத்தவில்லை. எந்த வீட்டில் என்ன சொல் இருக்கிறது என்பதை வாசற்படியில் சாக்பீஸால் படமாக வரைந்து வைத்தார்கள். அபிதா தெருவையே பேசினாள். எனக்கு என்று சொல்ல அந்தோணியம்மாள் வீட்டு இஸ்திரிப்பெட்டிக்குப் போக வேண்டும், முட்டை என்று சொல்லப் பதினாறு வீடு தாண்டிப் போக வேண்டும், வேணும் என்று முடிக்கத் தெருக்கோடிக்கு வர வேண்டும். அவள் போகிற இடமெல்லாம் மாரீஸ்வரி பின்னாலேயே போனாள். ஒரு வாக்கியம் முடிய இருபது நிமிஷமாகும். முடிந்த இடத்தில் பிள்ளை களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் சாப்பிடத் தொடங்கினாள், கொஞ்சமாக. தெருக்காரர்கள் இதுவே நல்லதாயிற்று என்றுகூடச் சொன்னார்கள். "பிள்ள நாலு வீட்டுக்கு வந்து போகுதுல்ல," என்றார் சுடலைமுத்து.

ஆனால் சாமான்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. லோடு ஆட்டோ மதுரைக்குப் போனது, போலாம் என்ற சொல்லையும் கொண்டுபோனது. ஒரு வீட்டில் பழைய மின்விசிறியைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். அதில் பயமா இருக்கு என்ற சொல் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. வாடகை வீட்டுக்காரர் ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். நிலாவும் நட்சத்திரமும் அடியில் அமுங்கிப்போயின. பிச்சைமணி ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"ஆட்டக் குடுத்துட்டேன் தாயி. மச்சினன் மகளுக்கு விசேஷம். காதோட போயிருச்சு."

"எந்த ஊருக்கு மாமா?"

"விசேஷம் நேத்து முடிஞ்சு போச்சு தாயி," என்றார் அவர்.

பத்தாம் நாள் மாரீஸ்வரி உட்கார்ந்து எண்ணினாள். நாற்பத்தேழு சொல் போயிருந்தது. போன சொல்லின் இடத்துக்கு வந்து அபிதா வெறும் சுவரைத் தொடுவாள், திரும்பி அம்மாவைப் பார்ப்பாள். இப்படியே போனால் வருஷம் முடியும்போது என் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தபோது, மாரீஸ்வரிக்குத் தன் சுண்டுவிரலை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அன்று மத்தியானம், அபிதாவைத் தெருவின் பொறுப்பில் விட்டுவிட்டு, பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெபராஜிடம் போனாள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பேச்சில் நிதானமான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அக்கா, டேப்ப நீங்க கம்ப்யூட்டர்ல மாட்டுறது உண்டா?"

"உண்டு. சார்ஜுக்கு அதுலதான் போடுவேன்."

"அப்ப பிள்ள சொல்லு எங்கயும் போகல. மாட்டுறப்பல்லாம் கம்ப்யூட்டர் தன்னால ஒரு பேக்கப் எடுத்து வச்சுக்கும். உங்கள ஒரு வார்த்த கேக்காது. அன்னைக்கி டேப்புல என்ன இருந்துச்சோ அத்தனையும் அதுல இருக்கும்."

மாரீஸ்வரி கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். பத்து நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது.

"ஆனா," என்றான் ஜெபராஜ். "நீங்க சொல்றது பழைய சாப்ட்வேர். ஏழு பேக்கப்தான் வைக்கும். எட்டாவது வந்தா பழசுல ஒண்ணக் கழிச்சிரும். சொல்லு தொலைஞ்சப்புறம் எத்தன தடவ மாட்டுனீங்க?"

அவள் விரல் விட்டாள். புதன் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. பிறகு திங்கள். பிறகு நேற்றும் முந்தாநாளும்.

"ஆறு."

"ஆறு தடவையும் வெறும் டேப்பப் பேக்கப் எடுத்து, நல்ல பேக்கப் ஆற அழிச்சிருக்கு. இன்னும் ஒண்ணுதான்க்கா இருக்கும். இனிமே மாட்டிறாதீங்க. தன்னால எடுக்குறத முதல்ல நிறுத்திட்டுத்தான் மாட்டணும். வீட்ல வேற யாரும் மாட்டிற மாட்டாங்கல்ல?"

காலையில் தங்கப்பாண்டி கட்டிலுக்கடியிலிருந்து டேப்பை எடுத்துத் துடைத்து வைத்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நீ தேடிக்கிட்டே இரு. ஷிப்டு விட்டு வந்து நானே மாட்டிப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஷிப்டு விடுவது இரண்டு மணிக்கு. கடைக் கடிகாரத்தில் இரண்டேகால்.

அவனுடைய போன் அணைந்திருந்தது. மிஷின் ஓடும் இடத்தில் போன் கூடாது, வெளியே வந்தும் அவன் போட மறப்பான். மாரீஸ்வரி ஓடிக்கொண்டே எதிர்வீட்டுக் குருவம்மாவுக்குப் போன் அடித்தாள். குருவம்மா வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவள், நாற்பத்தைந்து வயது, பிள்ளையில்லை, புருஷன் வெளியூர் மில்லில் இருந்தான்.

"மதினி, எங்க வீட்டுக்கு ஓடுங்க. அவரு டேப்ப மாட்டப் போறாரு. மாட்ட விட்றாதீங்க. மாட்டுனா பிள்ள சொல்லு மொத்தமும் போயிரும் மதினி. மாட்டாம இருந்தா எல்லாம் டேப்புக்குள்ளயே திரும்பி வந்துரும்."

மாரீஸ்வரி ஓடிக்கொண்டே போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மதினி, கேக்குதா?"

"எல்லாமுமா?" என்று கேட்டாள் குருவம்மா.

"எல்லாமும் மதினி! ஓடுங்க!"

போன் வைக்கப்பட்டது. மாரீஸ்வரி ரயில்வே கேட்டைத் தாண்டி, காலண்டர் அட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஒரு செருப்பு அறுந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் அப்பா அப்பா என்று ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் தங்கப்பாண்டியின் சைக்கிள் நின்றது.

உள்ளே அவன் கையில் வயரோடு திகைத்துப்போய் நின்றான். குருவம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்பை மடியில் வைத்து, மாவு காய்ந்த இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். ஓடி வந்ததில் அவள் கொண்டை அவிழ்ந்து தொங்கியது.

"வயர டேப்புல சொருகப் போயிட்டாரு. புடுங்கிட்டேன்," என்றாள்.

மாரீஸ்வரி அப்படியே அவள் முன்னால் உட்கார்ந்தாள். டேப்பை வாங்கக் கை நீட்டினாள். குருவம்மா கொடுக்கவில்லை.

"மாரி. எங்க வீட்டுல எந்தச் சொல்லும் விழலன்னு உங்கிட்டச் சொன்னேன்ல. வாசல்ல படம்கூட வரைய விடல. பொய் அது. எங்க கிரைண்டர்ல விழுந்துச்சு. சுவிச்சப் போட்டா கல்லு சுத்துற வரைக்கும் அம்மா அம்மான்னு கூப்பிடும். பத்து நாளா வாசலச் சாத்திக்கிட்டு வெறுங்கல்லப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பிள்ள தேடி வந்தா என்ன செய்யன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். உம் பிள்ள சொல்லு அது. ஒரு தடவ மட்டும் போயி கேட்டுட்டு வந்துறவா? அப்புறம் நீ செய்."

தங்கப்பாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போயிட்டு வாங்க மதினி," என்றாள் மாரீஸ்வரி.

குருவம்மா தெருவைக் கடந்து போனாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது, அதற்குள்ளிருந்து மாரீஸ்வரியின் குரல், அம்மா, அம்மா, அம்மா என்று கல்லோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. தான் பெற்ற பிள்ளைக்காகப் பேசிவைத்த குரல் எதிர்வீட்டுக்காரியை அப்படிக் கூப்பிடுவதை மாரீஸ்வரி கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தத் தோன்றவில்லை. பிறகு சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. குருவம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

ஜெபராஜ் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். தானாகப் பேக்கப் எடுப்பதை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினாள். பட்டியலைத் திறக்கச் சொன்னான். ஏழு தேதிகள் வந்தன. ஆறு, புதன்கிழமையும் அதற்குப் பிந்தியவையும். அடியில் ஒன்றே ஒன்று, அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்து. அதைத் தேர்ந்து டேப்பை மாட்டினாள். ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. மாரீஸ்வரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள், புரியாத சொல்லை ஜெபராஜிடம் கேட்டாள், இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகுதான் தொட்டாள்.

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. நகர நகரத் தெருவில் சொற்கள் கிளம்பின. தராசு கடைசியாக வேணாம் என்றது, குழாய் போதும் என்றது. இரும்புக் கதவு, பாய்லர், உரல், ஜன்னல் கொக்கி எல்லாம் ஒவ்வொன்றாகத் தங்கள் சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு வெறும் சாமானாயின. சனங்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். ஊரை விட்டுப் போயிருந்த சொற்களும், சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தவையும் எந்த வழியாகத் திரும்பின என்று யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை இருந்ததெல்லாம் வந்துவிட்டது, அவ்வளவுதான். டிரான்ஸ்பார்மர் வெறுமனே ரீங்கரித்தது.

மாரீஸ்வரி தெருவிலிருந்து மகளைக் கூட்டி வந்து, டேப்பை அவள் மடியில் வைத்தாள். அபிதா மூன்றாவது வரிசையின் முதல் கட்டத்தைத் தொட்டாள். தண்ணி. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாக் கட்டத்தையும் தொட்டாள், ஒன்றுவிடாமல், ஒரு மணி நேரம். அப்பா என்ற கட்டம் பேசியபோது தங்கப்பாண்டி அவள் பக்கத்தில் தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

முடித்ததும் அபிதா டேப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். பாய்லர் மூடியைத் தூக்கினாள். ஆவி மட்டும்தான் வந்தது. மறுபடி தூக்கினாள். உதடு பிதுங்கியது. சுடலைமுத்து அவளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கட்டைக் குரலில், "பால்," என்றார். அபிதா மூடியை வைத்துவிட்டு மிஷினைத் தொட்டாள். "இன்னும்," என்றாள் அந்தோணியம்மாள். இரும்புக் கதவைத் தொட்டபோது காவலாளி, "வலிக்குது," என்று சொல்லிவிட்டு, "இப்ப வலிக்கலைல்ல?" என்று கேட்டார். மாரீஸ்வரி பின்னாலேயே போனாள், ஒற்றைச் செருப்போடு.

எல்லா வீடும் முடிந்து, இன்றுதான் திறந்த குருவம்மா வீட்டுக் கதவுக்குள் அபிதா நுழைந்தாள். அவள் அதுவரை தொடாத கிரைண்டர் அங்கே இருந்தது. சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றியது, ஒன்றும் பேசவில்லை. மற்றவர்களைப் பார்த்தது போலவே, இதற்கு என்ன சொல் என்று குருவம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

குருவம்மா கிரைண்டரை அணைத்தாள். வாசலில் நின்ற மாரீஸ்வரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

"என்னம்மா," என்றாள். "என்ன வேணும் எங்கம்மாவுக்கு?"

அபிதா டேப்பை நிமிர்த்தி ஒரு கட்டத்தைத் தொட்டாள். பசிக்குது, என்றது மாரீஸ்வரியின் குரல். மாரீஸ்வரி உள்ளே போகக் காலெடுத்தவள், போகாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். குருவம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.